உதவித்தொகை வந்து சேரும்வரை

(பிளஸ் டூ மாணவியரின் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில், ராசிபுரத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நர்சிங் படிக்கப் பணம் எங்கே கிடைக்கும் என்று சொல்லத்தான் என்னை அழைத்தீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு மனத்தடையை நீக்கிவிட்டுப் போகலாம். உதவித்தொகை என்றதும் நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் தலை குனிகிறது. "நாம போயி கை நீட்டறதுங்களா?" என்று கேட்ட தகப்பன்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நர்சிங் படிக்கிற பிள்ளைக்கு அரசும் ஊரும் கொடுக்கும் பணத்தை நான் தர்மக் கணக்கில் எழுத மாட்டேன், கூலிக் கணக்கில்தான் எழுதுவேன். முதலாம் ஆண்டிலேயே அந்தப் பிள்ளை வார்டுக்குள் போய்விடுகிறாள். படுக்கை விரிக்கிறாள், ரத்த அழுத்தம் பார்க்கிறாள், முதுகில் புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறாள். டிப்ளமோ படிப்பின் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். அப்போது அவள் கிட்டத்தட்ட முழுநேர ஊழியர். இரவு பன்னிரண்டு மணிக்கு உங்கள் தாயாருக்குச் சலைன் தீர்ந்துபோனால் ஓடி வருவது பெரும்பாலும் ஒரு மாணவிதான்.

இந்தத் தொழிலுக்கான முறையான படிப்பே உதவிப் பணத்தில்தான் பிறந்தது. 1855இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் இங்கிலாந்து மக்கள் ஒரு நிதி திரட்டினார்கள். அந்தப் பணத்தை வைத்துத்தான் 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே சேர்ந்த பெண்களிடம் கட்டணம் வாங்கவில்லை. தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் கொடுத்து, ஆண்டுக்கு 10 பவுண்டு கையிலும் கொடுத்தார்கள். நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியது. 1885இல் ஏற்பட்ட டஃபரின் நிதி, இந்தியப் பெண்கள் மருத்துவமும் செவிலியமும் மகப்பேறு உதவியும் கற்க உதவித்தொகை கொடுத்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. திருச்சபை அமைப்புகள் பிள்ளைகளை ஸ்பான்சர் செய்து அனுப்புவதும், படித்து முடித்தவர்கள் அந்த அமைப்பின் மருத்துவமனையில் சில காலம் வேலை செய்வதும் அங்கே நெடுங்கால வழக்கம்.

பணத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். இங்கிலாந்தில் 2017இல், புதிதாகச் சேரும் நர்சிங் மாணவர்களுக்கான உதவித்தொகையை எடுத்துவிட்டு, கடன் வாங்கிப் படியுங்கள் என்றார்கள். விண்ணப்பங்கள் குறைந்தன. 2020 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண்டு, திருப்பிக் கட்ட வேண்டாத மானியமாக மறுபடி கொடுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கா 1943இல், யுத்தத்துக்கு நடுவே, சட்டம் போட்டு மாணவிகளின் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாவற்றையும் அரசே ஏற்று மாதப்படியும் கொடுத்தது. நர்ஸ் வேண்டுமென்றால் நர்ஸ் படிப்புக்குச் செலவழிக்க வேண்டும். நாடுகளே இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. ஆகவே யாரும் தலை குனிய வேண்டியதில்லை.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

இணையத்தில் "நர்சிங் ஸ்காலர்ஷிப்" என்று தேடினால் கிடைப்பது சொற்பம். காரணம், நம்மிடம் பணம் படிப்பின் பெயரில் ஒதுக்கப்படுவது குறைவு. பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாள், எந்தச் சமூகம், வீட்டு வருமானம் என்ன, அப்பா அம்மா செய்யும் தொழில் என்ன, கல்லூரியில் எந்த வழியாக இடம் வாங்கினாள் என்ற கேள்விகளுக்கான பதிலில்தான் பணம் இருக்கிறது. இவற்றில் முதல் நான்கையும் நீங்கள் மாற்ற முடியாது. கடைசிக் கேள்வி மட்டும் உங்கள் கையில். பலரும் அதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் சாலையோரம் போர்டுகள் முளைத்துவிடும். "அட்மிஷன் நடக்கிறது" என்று வீட்டுக்கே போன் வரும். பயந்துபோய் முன்பணம் கட்டிவிடுகிறோம். அப்படி வாங்குவது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் மத்திய விதிமுறைகள், நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குப் பணம் இல்லை என்கின்றன. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வந்தவர்களுக்குத்தான். அதே தனியார் கல்லூரியில், அதே வகுப்பறையில், அரசு ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாக வந்து உட்காரும் பிள்ளைக்கு இந்த இரண்டும் திறந்திருக்கிறது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டு, தரவரிசை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பி.எஸ்சி. நர்சிங்குக்கு அந்தத் தரவரிசை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். "லேட்டாகுதே, சீட்டு போயிருமே" என்று பதறி, ஜூன் மாதம் கட்டும் முன்பணம் நான்கு வருட உதவித்தொகையை அடித்துவிடும். தயவுசெய்து கலந்தாய்வு முடியும்வரை பொறுங்கள்.

போர்டைப் பற்றி இன்னொன்று. "ஆறு மாதத்தில் நர்ஸ்", "ஒரு வருடத்தில் நர்சிங் டிப்ளமோ" என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். இரண்டு வருட ஏ.என்.எம்., மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோ, நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங், இவற்றைப் படித்து முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு எண் வாங்கினால்தான் நர்ஸ். கிராமத்தில் தடுப்பூசி போட வரும் கிராம சுகாதார செவிலியர் ஏ.என்.எம். படித்து வந்தவர். குறுக்குவழிப் படிப்பில் பதிவும் கிடையாது, அரசு உதவித்தொகையும் கிடையாது. இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்பதைக் கல்லூரி வாசலில் கேட்காதீர்கள். கவுன்சிலின் பட்டியலிலேயே பாருங்கள். கல்விக்கடன் வட்டி மானியத்துக்கும் இந்த அங்கீகாரம்தான் சாவி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உள்ள வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் அது. நர்சிங் படிப்பு என்றால் கவுன்சில் அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும் என்று அதன் விதியே சொல்கிறது.

இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன வரும் என்று பார்க்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்தில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் மாநில அரசு கொடுக்கிறது. தனியார் கல்லூரியின் கட்டாயக் கட்டணத்தையும் ஏற்க 2012இல் அரசாணை வந்தது, எண் 92. நம் பகுதியில் அருந்ததியர் குடும்பங்கள் அதிகம். 2009இல் வந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கலந்தாய்விலேயே கை கொடுக்கும். கொல்லிமலை, ஏற்காட்டு மலையாளிப் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கையில் இருந்தால் வழி அகலமானது. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் அதே இரண்டரை லட்சம் வரம்பில் உதவித்தொகை உண்டு, ஆனால் அது முதன்மையாக அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களில் படிப்போருக்கு. விடுதியையும் மறந்துவிடாதீர்கள். 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியிருக்கும் அரசுக் கல்லூரி விடுதிகளில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். வெளி ஹாஸ்டல் செலவு என்னவென்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

முதல் பட்டதாரி சலுகை 2010இல் வந்தது. சாதி, வருமானம் பார்ப்பதில்லை. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் வீடுகளில் அந்த ஒன்றை மூத்த பையன் இன்ஜினீயரிங்குக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பிறகு தங்கை பி.எஸ்சி. நர்சிங் சேர வரும்போது, "உங்க வீட்டுல ஏற்கெனவே பட்டதாரி இருக்காங்களே" என்று கதவு மூடிவிடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், யாருக்கு வேறு உதவித்தொகை கிடைக்க வழியில்லையோ அவருக்கு இதை வையுங்கள். பையனுக்குத்தான் முதலில் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணா? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. பட்டம், டிப்ளமோ எல்லாவற்றுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் உண்டு. மூன்று வருட டிப்ளமோவுக்கு 36,000 ரூபாய். பையன்களுக்கு இதே போலத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. நர்சிங்கில் பையன்களும் இருக்கிறார்கள். புதுமைப் பெண்ணின் முழுப் பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய பெண்மணி. அவர் பெயரில் 1989 முதல் நடந்தது திருமண உதவித் திட்டம். அதைத்தான் படிப்பு உதவியாக மாற்றினார்கள். கல்யாணத்துக்கு என்று வைத்த பணம் பெண்ணின் படிப்புக்குப் போனதில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. உங்கள் வீட்டிலும் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, அப்பா அம்மாவின் தொழில். இதைத்தான் அதிகம் பேர் கேட்காமலே விடுகிறார்கள். பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறீர்கள். சேலத்தில் கொலுசுப் பட்டறையில் உட்காருகிறீர்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறீர்கள். கட்டட வேலைக்குப் போகிறீர்கள். இத்தனை தொழிலுக்கும் தமிழ்நாட்டில் தொழிலாளர் நல வாரியங்கள் இருக்கின்றன. உறுப்பினர் அட்டை வைத்திருந்தால் பிள்ளையின் படிப்புக்குக் கல்வி உதவி உண்டு. காடு வைத்திருப்பவர்களுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் உழவர் பாதுகாப்புத் திட்டம். பீடி சுற்றுகிற குடும்பமா, சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலையா? மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் வகுப்புக்கும் படிப்புக்கும் ஏற்ப ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை கொடுக்கிறது, தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக. வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் பீரோவில் வைத்திருப்பவர்கள் இங்கேயே பலர் இருப்பீர்கள். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே புதுப்பித்து வையுங்கள்.

நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு ஒன்று. பிளஸ் டூவில் மாநில அளவில் மேல் 20 விழுக்காட்டுக்குள் வந்து, வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், பட்டப்படிப்புக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கொடுக்கிறது. டிப்ளமோவுக்கு இல்லை. இன்ஜினீயரிங் பெண்களுக்கான பிரகதி உதவித்தொகையை நர்சிங்குக்கும் கேட்டு அலைந்தவர்கள் உண்டு. அது தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் படிப்புகளுக்கானது. நர்சிங் அதன்கீழ் வராது, அலைச்சல்தான் மிச்சம்.

பணம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது ஏன் கைக்கு வருவதில்லை என்று சொல்லாமல் போனால் பாதிதான் பேசியதாகும்.

ஒரு தாயார் என்னிடம் மகளின் பாஸ்புக்கோடு வந்தார். "ஏனுங்க டீச்சர், பணம் போட்டாச்சுன்னு மெசேஜ் வந்துதுங்க. பேங்க்குல போயி கேட்டா வரலைங்கறாங்க" என்றார். பாஸ்புக்கைப் புரட்டினேன், வரவில்லைதான். பிறகுதான் விசாரித்துத் தெரிந்தது. பிள்ளை எட்டாம் வகுப்பு படிக்கையில் வேறொரு வங்கியில் ஒரு ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது. அரசுப் பணம் நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, ஆதார் எந்தக் கணக்கில் கடைசியாக இணைந்திருக்கிறதோ அங்கே போகும். ஆறு மாதப் பணம் அந்தப் பழைய கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கின் பாஸ்புக் எங்கே என்று தேட ஒரு வாரம். அதற்குள் பிள்ளை, "பீஸ் கட்டலேன்னு பரீட்சை எழுத விடமாட்டாங்களோ" என்று அழுதுகொண்டிருந்தாள்.

இன்னொரு தொல்லை இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், வங்கியில் இனிஷியலே இல்லை. மூன்றும் மூன்று ஆட்கள் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட போன் நம்பர் மூன்றாவது. ஓ.டி.பி. அதற்குத்தான் வரும், அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இவற்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேசை மேசையாக ஏறித்தான் தாசில்தாரிடம் போகும். ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே வாரத்தில் போய் நின்றால் தாமதமாகும். மாநில உதவித்தொகைகள் இப்போது யூ.எம்.ஐ.எஸ். என்ற அரசு இணையதளத்தில் நடக்கின்றன, பள்ளியில் தனக்குக் கொடுத்திருக்கும் எமிஸ் எண்ணைப் பிள்ளை கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: டி.சி. கொடுக்கும்போது அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான திட்டத்தில் இப்போது மத்திய அரசின் பங்கு பிள்ளையின் கணக்குக்கே நேராக வருகிறது. வந்த 7 நாளுக்குள் கல்லூரிக்குக் கட்ட வேண்டும் என்பது விதி. கந்துக்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் அந்தப் பணம் ஏழு நாள் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் கை வைத்துவிட்டால் பிறகு கல்லூரி பிள்ளையின் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு பேசும். அதை மட்டும் தொடாதீர்கள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் ஒரு பள்ளம் மிச்சம் இருக்கிறது. கல்லூரியில் சேரும் நாளில் கட்ட வேண்டியதைக் கட்ட வேண்டும். சீருடை, ஷூ, ஸ்டெதாஸ்கோப், ஹாஸ்டல் அட்வான்ஸ், பரீட்சைக் கட்டணம். உதவித்தொகையோ பெரும்பாலும் நிதியாண்டு முடிவை ஒட்டித்தான் வருகிறது. நடுவில் உள்ள மாதங்களில்தான் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள். விட்டுவிட்டுப் போய் ஸ்பின்னிங் மில்லில் சேர்ந்த பெண்ணுக்கு மார்ச் மாதம் பணம் வந்து என்ன பயன்? சிலர் இந்தப் பள்ளத்தைத் தாண்ட தனியார் மருத்துவமனையிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு சொற்பச் சம்பளத்தில் வருஷக்கணக்கில் வெளியே வர முடிவதில்லை. எந்தக் காரணத்துக்கும் ஒரிஜினலை விடாதீர்கள்.

இந்தப் பள்ளத்தை அரசு நிரப்பும்வரை நாம் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. போர்வெல் வண்டியை நாடு முழுக்க அனுப்புகிறது திருச்செங்கோடு. முட்டையையும் லாரியையும் அனுப்புகிறது நாமக்கல். ஜவ்வரிசி ஆலைகள் இந்த ராசிபுரத்தைச் சுற்றியும் ஆத்தூர்ப் பக்கமும் இருக்கின்றன. கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு நாளில் லட்சங்கள் சேரும் மண் இது. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஒரு சுழல் நிதி வையுங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு பள்ளியில் பத்துப் பிள்ளைகள் நர்சிங் சேருகிறார்கள், ஆளுக்கு 25,000 ரூபாய் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டும் என்று வையுங்கள். இரண்டரை லட்சம். ஒரு லாரிக்கு டயர் செட் மாற்றுகிற செலவைவிடச் சற்றே அதிகம் இருக்கலாம், அவ்வளவுதான். உதவித்தொகை வந்ததும் பிள்ளை திருப்பிக் கட்டிவிடுவாள். அடுத்த வருடம் அதே பணம் அடுத்த பத்துப் பேருக்கு. வட்டி வேண்டாம், ஈடு வேண்டாம். மேடையில் ஏற்றிப் பிள்ளை கையில் காசோலை கொடுத்துப் போட்டோ எடுப்பதும் வேண்டாம். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது வலிக்கும். தலைமை ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஒருவர், பழைய மாணவி ஒருவர், இந்த மூன்று பேர் கையெழுத்தில் கணக்கு நடக்கட்டும். அந்தப் பழைய மாணவி நர்ஸாக இருந்தால் இன்னும் நல்லது. எந்த மாதம் எந்தச் செலவு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

நம் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், 2022 ஜனவரியில் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் சுற்று வட்டாரம் முழுதும் ஓடி வருகிறது. அங்கே படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கப்போவது இந்த முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர்.

மணி ஐந்தரை ஆகிவிட்டது. பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் கிளம்பலாம். ஆதாரும் பாஸ்புக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் கொண்டுவந்திருப்பவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள். மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். எழுத்து மாறியிருந்தால் இந்தக் கோடை விடுமுறைக்குள் திருத்திவிடலாம்.